பள்ளியிலிருந்து இ-லேர்னிங்குக்கு: கையில் எதை எடுத்துக்கொண்டு கிளம்புவது

தனியார் பள்ளியில் பத்து, பதினைந்து வருடம் பாடம் எடுத்தவர்கள் இ-லேர்னிங் துறைக்கு, அதாவது திரையில் பார்த்துத் தானே படிக்கும் பாடங்களைத் தயாரிக்கும் வேலைக்கு, மாற நினைத்ததும், பெரும்பாலும் முதல் வேலையாக ஏதாவது ஒரு சான்றிதழ் படிப்புக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். அந்தப் படிப்பு காத்திருக்கட்டும். அதைவிடப் பெரிய இரண்டு சொத்து ஏற்கெனவே இருக்கிறது. ஒன்று, பள்ளியிடமிருந்து வரவேண்டிய பணமும் காகிதமும். இன்னொன்று, பிள்ளைகள் எந்தக் கணக்கில் எந்த வரியில் தப்புப் பண்ணுவார்கள் என்று பார்க்காமலே சொல்லத் தெரிவது. இந்த இரண்டாவதைத்தான் நிறுவனங்கள் 'இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர்' (பாட வடிவமைப்பாளர்) என்ற பெயரில் சம்பளம் கொடுத்து வாங்குகின்றன.

முதலில் காகிதம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து பி.எட். வரை அசல் சான்றிதழ்களைப் பள்ளி வாங்கி வைத்திருந்தால், ராஜினாமா பற்றி யாரிடமும் வாய் திறப்பதற்கு முன்பே திரும்பக் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு நியமன ஆணையை எடுத்துப் பாருங்கள். ஒரு மாத நோட்டீஸா, மூன்று மாதமா, கல்வியாண்டு முடிவில்தான் விலகலாம் என்று இருக்கிறதா? நவம்பரில் விலகினால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் தவிப்பார்கள், அனுபவச் சான்றும் இழுபடும். பிப்ரவரியிலேயே கடிதம் கொடுத்து, மே மாதச் சம்பளத்துக்குப் பிந்தைய தேதியில் விலகுவது இரு பக்கத்துக்கும் நல்லது. மதிப்பெண் பதிவேடு, ஆய்வகச் சாவி, நூலகப் புத்தகம் எல்லாவற்றையும் ஒப்படைத்ததற்கு எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்தது பணிக்கொடை, அதாவது விலகும்போது பள்ளி தர வேண்டிய கிராஜுவிட்டி. ஆசிரியர்களுக்கு அது கிடையாது என்று இன்றைக்கும் சொல்லும் நிர்வாகங்கள் உண்டு. அந்தப் பேச்சுக்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டத்தில் 'ஊழியர்' என்ற சொல்லுக்குள் ஆசிரியர்கள் வரமாட்டார்கள் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009-இல் நாடாளுமன்றம் அந்த வரையறையைத் திருத்தி, திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்றது. எதிர்த்து வழக்குப் போட்ட தனியார் பள்ளிகள் 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றன. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. கணக்குப் போடும் முறை அதேதான்: கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணியாற்றிய வருடங்களால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் மிஞ்சினால் அதுவும் ஒரு வருடம். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 24,000 ரூபாய், பணி 14 வருடம் 7 மாதம் என்றால், 24,000 × 15 ÷ 26 × 15, அதாவது 2,07,692 ரூபாய். சிறிய தொகை அல்ல. புது வேலை கிடைக்கும்வரை வீட்டைத் தாங்கப்போவது இதுதான்.

குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இல்லாதவர்களுக்கு இதற்கு ஐந்து வருடத் தொடர்பணி வேண்டும். அங்கேதான் சிக்கல் வரும். ஏப்ரலில் விலக்கிவிட்டு ஜூனில் புதிதாக நியமன ஆணை கொடுத்து, தொடர்ச்சியே இல்லை என்று காட்டும் பள்ளிகள் இருக்கின்றன. ஆகவே எல்லா நியமன ஆணைகளையும், வங்கியில் சம்பளம் ஏறிய கணக்கு விவரங்களையும், பி.எஃப். பாஸ்புக்கையும் வேலையில் இருக்கும்போதே எடுத்து வையுங்கள். பணிக்கொடையை எழுத்தில் கேளுங்கள். கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் தர வேண்டும், தாண்டினால் வட்டி. மறுத்தால் தொழிலாளர் துறைக்குப் போகலாம். வாய்வார்த்தையாகக் கேட்டதற்கு அங்கே சாட்சி இருக்காது.

பி.எஃப்.பில் நம் ஊருக்கே உரிய தொல்லை இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் இருக்கும், பள்ளிப் பதிவில் முன்னால் இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் எழுத்துக்கு மாறியவர்களுக்கு இன்னும் சிரமம். பழைய யூஏஎன் எண் (பி.எஃப். உறுப்பினரின் நிரந்தர எண்) உள்ளவர்களுக்கு, பெயரை ஒன்றாக்கும் திருத்தம் பள்ளியின் ஒப்புதலோடுதான் நடக்கும். உறவு நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். விலகிய தேதியைப் பள்ளி ஏற்றாவிட்டால், கடைசிச் சந்தா கட்டிய இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் ஏற்றலாம்.

பத்து வருடம் தாண்டியிருந்தால் பி.எஃப்.பின் ஓய்வூதியப் பகுதியை மொத்தமாக எடுக்க முடியாது. 58 வயதில் மாதாமாதம் வரும். ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்கும் ஊதியத்தின் உச்சவரம்பான 15,000 ரூபாயில் 15 வருடம் என்றால் 15,000 × 15 ÷ 70, மாதம் சுமார் 3,214 ரூபாய். புது நிறுவனத்தில் அதே யூஏஎன் எண்ணைக் கொடுத்தால் சேவைக்காலம் தொடரும்.

இனி வேலைக்கு வருவோம். விண்ணப்பத்தில் '15 ஆண்டுகள் கணிதம் கற்பித்தவர்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இப்படி ஒரு கேள்வியைக் காட்டுங்கள்: 1/2 + 1/3 எவ்வளவு? விடைகள்: 5/6, 2/5, 2/6, 1/6. சரியான விடை 5/6. மற்ற மூன்றும் சும்மா போட்டவை அல்ல. 2/5 என்றால் மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டிவிட்டது பிள்ளை. 2/6 என்றால் பகுதியை மாற்றியது, தொகுதியை மாற்ற மறந்தது. 1/6 என்றால் கூட்டலுக்குப் பதில் பெருக்கிவிட்டது. ஒவ்வொரு தவறுக்கும் தனித்தனியாக இரண்டு வரி விளக்கம் எழுதுங்கள். 'தவறு, மீண்டும் முயல்க' என்று மூன்றுக்கும் ஒரே வரி போட்டால் அந்த அனுபவம் அத்தனையும் வீண். வகுப்பில் பிள்ளையின் முகம் சொல்லிவிடும், நாம் நிறுத்தி மறுபடி சொல்வோம். திரைக்குப் பின்னால் முகம் தெரியாது. முகம் சொல்லியிருக்கக்கூடியதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் இந்த வேலை.

எழுதும் இடம் ஸ்டோரிபோர்டு, அதாவது பாடம் திரை திரையாக எப்படிப் போகும் என்று காட்டும் அட்டவணை. ஒரு திரைக்கு ஒரு வரிசை. திரை எண், திரையில் தெரியும் எழுத்து, பின்னணிக் குரல், படம், கற்பவர் செய்ய வேண்டியது, டெவலப்பருக்கான (அதை மென்பொருளில் உருவாக்குபவருக்கான) குறிப்பு என்று ஆறு கட்டம் போதும். ஆங்கிலக் குரல் நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல் ஓடும். ஒரு திரைக்கு 75 சொல் வைத்தால் அரை நிமிடத்துக்கு மேல் கொஞ்சம். ஆசிரியர்கள் இங்கே இரண்டு தப்புப் பண்ணுகிறார்கள். 45 நிமிடப் பீரியட் பழக்கத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடப் பார்க்கிறார்கள். இங்கே ஒரு அலகு ஐந்திலிருந்து பத்து நிமிடம்தான். இன்னொன்று, திரையில் இருக்கும் வரியையே குரலிலும் வாசிக்கவைப்பது. கண்ணும் காதும் ஒரே சொல்லைத் துரத்தும்போது மனசில் எதுவும் நிற்காது.

கற்றல் நோக்கம் எழுதுவதில், நோக்கங்களைப் படிநிலைகளாகப் பிரிக்கும் ப்ளூம் வகைப்பாட்டைப் பி.எட்.டிலேயே படித்திருப்பீர்கள். பாடக்குறிப்பில் 'மாணவர்கள் புரிந்துகொள்வர்' என்று எழுதிய கை, இங்கே அதை விட வேண்டும். வங்கி ஊழியர் பயிற்சியில் 'கேஒய்சி விதிகளைப் புரிந்துகொள்வார்' என்று எழுதினால் திரும்பி வரும். 'கொடுத்த ஐந்து விண்ணப்பங்களில் செல்லாத முகவரிச் சான்று உள்ளவற்றைப் பிரித்தெடுப்பார்' என்று எழுதினால் நிற்கும்.

பாடம் உருவாக்கும் மென்பொருளில் ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் பரவலாகக் கேட்கப்படுவது. விண்டோஸ் கணினியில்தான் ஓடும், 30 நாள் இலவசமாகப் பார்க்கலாம். மூன்று ஸ்டோரிபோர்டு முழுசாக எழுதி முடித்த பிறகே அந்த 30 நாளைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் பட்டன் எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே போய்விடும். முடித்ததை ஸ்கார்ம் கோப்பாக (கற்றல் தளங்கள் ஏற்கும் பொது வடிவம்) எடுத்து, இலவசமான மூடுல் என்ற கற்றல் தளத்தில் ஏற்றி, மதிப்பெண் பதிவாகிறதா என்று பாருங்கள். பாடநூல் படங்களையும் பழைய பள்ளியின் வினாத்தாளையும் மாதிரியில் போட வேண்டாம். அவை உங்களுடையவை அல்ல.

நேர்காணலில் தெரியாத துறையின் நாலு பக்க பி.டி.எஃப். ஒன்றைக் கொடுத்து, ஸ்டோரிபோர்டு எழுதச் சொல்வார்கள். இன்ஷூரன்ஸாக இருக்கலாம், மருந்துக் கம்பெனியாக இருக்கலாம். உடனே எழுதத் தொடங்காதீர்கள். கொடுத்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வேலைக்குப் புதிதாகச் சேர்பவர் எந்த இடத்தில் தப்புப் பண்ணுகிறார்?" அவர் சொல்லும் பதிலே உங்கள் முதல் திரை.