'கோடவுன்' என்று கூப்பிட்டால் பதில் சொன்னது யார்?

யாங்கூனில் மின்சாரம் போவது செய்தியே அல்ல. வருவதுதான் செய்தி. 'மீ லா ப்யீ' என்று பக்கத்துக் கட்டடத்துப் பிள்ளைகள் கத்தினால் விளக்கு வந்துவிட்டது என்று பொருள். அன்று அப்படி வந்த மின்சாரம் கொஞ்சம் அதிகமாகவே வந்து எங்கள் அலுவலக ரூட்டரைச் சாப்பிட்டுவிட்டது.

பெரியவர்கள் இன்னும் மொகல் தெரு என்று சொல்லும் ஷ்வே பொன்தா தெருவுக்கு அருகில், உளுந்தும் துவரையும் சென்னைக்கு ஏற்றுமதி செய்யும் சிறிய அலுவலகம் எங்களுடையது. மொத்தம் ஆறு கணினிகள். சர்வர் என்று தனியாக எதுவும் இல்லை. மூலையில் இருக்கும் ஒரு விண்டோஸ் 10 கணினிதான் எல்லாக் கோப்புகளையும் வைத்திருக்கிறது. அதன் பெயர் 'கோடவுன்'. மற்றவர்கள் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு அந்தப் பெயரைத் தட்டினால் கோப்புறை திறக்கும். உள்ளூர் வியாபாரிகள் வீசையில் கொடுக்கும் எடையை டன்னாக மாற்றி எழுதும் எடைப் பேரேடு அதில்தான் இருக்கிறது. வீசை நம் ஊரிலிருந்து போன சொல்தான். இந்தியாவில் கிலோ வந்த பிறகு மறந்துவிட்டோம், பர்மாச் சந்தையில் அது சுமார் 1.63 கிலோவாக இன்னும் உயிரோடு இருக்கிறது.

புதிய ரூட்டரை மாட்டிய காலையில் யாருக்கும் கோப்புறை திறக்கவில்லை. இதற்குக் காரணம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ரூட்டர் மாறினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எண்ணி 'பொது' வகையில் சேர்த்துவிடும். அந்த வகையில் ஃபயர்வால் என்ற காவல் நிரல் பகிர்வை மறித்துவிடும். கோடவுனில் அதைத் 'தனியார்' என்று மாற்றினேன். மூன்று பேருக்குத் திறந்தது. தேநீர் குடிக்கப் போகலாம் என்று எழுந்தேன்.

"ஸயா, ம ய பூ" என்றார் கணக்கர். முடியவில்லை என்கிறார். பர்மியப் பெண். என்னை ஐயா என்று அழைக்கும் தொனியில் ஸயா என்பார். அவர் கணினியில் 0எக்ஸ்80070035, நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்ற பிழை. கோடவுனின் நெட்வொர்க் எண்ணான 192.168.1.105ஐ நேராகத் தட்டினால் திறக்கிறது, பெயரைத் தட்டினால் திறக்கவில்லை. ஆகவே பகிர்வில் குறை இல்லை, கேபிளில் குறை இல்லை. பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில்தான் ஏதோ இடறுகிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று கணினி நினைவில் வைத்திருக்கும் டிஎன்எஸ் சேமிப்பைத் துடைத்தேன். சேமித்த கடவுச்சொல்லை அழித்தேன். மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தேன், அதை எதற்குச் செய்தேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் 'கோடவுன்' என்ற பெயருக்கு, 'இருக்கிறாயா?' என்று கேட்கும் பிங் அனுப்பிப் பார்த்தேன். பதில் வந்தது! நான்குக்கு நான்கும் வந்தன.

என்னை ஏமாற்றியது அந்தப் பதில்தான். பதில் வருகிறதே, பெயர் சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டி, கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி அமைப்புகளைக் குடையப் போய்விட்டேன். முதலாளி பின்னால் வந்து நின்று, "தம்பி, கப்பல் காகிதம் இன்று போகவேண்டும்" என்றபோதுதான் திரையை மறுபடி பார்த்தேன். பதில் வந்த எண் 192.168.1.102. அதோடு, பதிலுடன் வரும் டிடிஎல் என்ற எண் 64. விண்டோஸ் கணினி பதில் சொன்னால் அங்கே வழக்கமாக 128 இருக்கவேண்டும். பதில் சொன்னவர் விண்டோஸ் ஆள் அல்ல.

102ஐ பிரவுசரில் தட்டினேன். டோனர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பக்கம் திறந்தது. கோடவுன் என்று கூப்பிட்டால் பிரிண்டர் 'இருக்கிறேன் ஐயா' என்று கைதூக்கிக்கொண்டிருக்கிறது.

சர்வர் இல்லாத சிறு அலுவலகத்தில், ஒரு கணினி பெயர் தேடும்போது அறை முழுக்கக் கேட்கும்படி 'யார் கோடவுன்?' என்று கூவும். உரியவர் பதில் சொல்வார். ஆனால் கூவுவதற்கு முன்பு ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பை ஒருமுறை பார்க்கும். அதில் பெயரும் எண்ணும் எழுதியிருந்தால் அதையே நம்பிவிடும், யாரையும் கேட்காது. வீடு மாறிப் போனவரின் பழைய போன் நம்பர் சமையலறைச் சுவரில் இருப்பது போல. டிஎன்எஸ் சேமிப்பை எத்தனை முறை துடைத்தாலும் அந்தச் சுவர் எழுத்து திரும்ப ஏறிவிடும்.

விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று இறங்கி ஹோஸ்ட்ஸைத் திறந்தேன். கடைசி வரி: 192.168.1.102, ஒரு இடைவெளி, கோடவுன். எழுதியவர் யார் என்று விசாரிக்கத் தேவையில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு அவசரத்தில் நானே எழுதினேன். அப்போது கோடவுனின் எண் 102. எண்களைப் பங்கிடுவது ரூட்டர்தான், புது ரூட்டருக்குப் பழைய கணக்கு தெரியாது. முதலில் விழித்த பிரிண்டருக்கு 102ஐக் கொடுத்துவிட்டது.

நிர்வாகி உரிமையோடு நோட்பேடைத் திறந்து அந்த வரியை அழித்தேன். அடுத்த நொடி பேரேடு திறந்தது. அப்போதும் ஒரு சந்தேகம். அந்த வரியை அன்று மூன்று கணினிகளில் எழுதியதாக நினைவு, இன்று அழுவது இதுவும் பக்கத்துக் கணினியும்தானே? பக்கத்துக் கணினியிலும் அந்த வரியை அழித்துவிட்டு மூன்றாவதில் போய்ப் பார்த்தேன். அங்கே நான் உரிமை இல்லாமல் திறந்திருக்கிறேன். கோப்பு 'ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி' என்று வேறொரு பெயரில் டெஸ்க்டாப்பில் கிடந்தது. விண்டோஸ் அதைச் சீண்டவே இல்லை. என் கவனக்குறைவு ஒரு கணினியைக் காப்பாற்றியிருக்கிறது.

ரூட்டரில் கோடவுனின் மேக் முகவரியை, அதாவது அதன் நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணைக் கொடுத்து 192.168.1.10 என்ற எண்ணை அதற்கே ஒதுக்கினேன். ஹோஸ்ட்ஸில் இனி எதுவும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். பிற்பகலில் மின்சாரம் போய், ஜெனரேட்டர் ஓடி, மறுபடி வந்தது. கோடவுன் பத்து என்ற எண்ணிலேயே எழுந்தது. ஆறு கணினிகளிலும் பெயரால் திறந்தது.

கணக்கர் விலைப்பட்டியலைத் திறந்து அச்சிடக் கொடுத்தார். கொஞ்சம் காத்திருந்தார்.

"ஸயா, பிரிண்ட் வரவில்லை."

காலையிலிருந்து யாரும் அச்சிட்டுப் பார்க்கவில்லை. பிரிண்டரின் பழைய எண் 104, எல்லாக் கணினிகளும் இன்னும் அங்கேதான் அனுப்பிக்கொண்டிருந்தன. நாற்காலியை மறுபடி இழுத்துப் போட்டேன். பிரிண்டருக்கு ஒதுக்கிய எண் 11.