தீஸ் ஏரியைச் சுற்றி மூன்று நடைகள்: திட்டமும் திருத்தங்களும்

சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் உள்ள தீஸ் ஏரியைச் சுற்றி நடப்பதற்கு நான் முதலில் போட்ட திட்டம் ஒரே தாளில் அடங்கியது. காலையில் சியோன் நகரிலிருந்து பேருந்து, அணையின் அடிவாரத்திலிருந்து முகட்டுக்கு ரோப்கார், ஏரிக்கரையில் ஐந்து கிலோமீட்டர் நடை, பிறகு 2919 மீட்டர் உயரத்திலுள்ள ரீட்மாட்டன் கணவாய், மாலைக்குள் மறுபக்கத்து ஆரோலா கிராமம். கணவாயின் உயரத்தையும் பேருந்து புறப்படும் நேரத்தையும் எழுதி வைத்த நான், ஏரியில் நீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதை ஒரு வரியாகக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. மூன்று நடைகளுக்குப் பிறகு இப்போது என் குறிப்பேட்டில் முதல் பக்கமே அதைப் பற்றித்தான் இருக்கிறது.

ஏரியைத் தாங்கி நிற்பது 1961-இல் கட்டி முடிக்கப்பட்ட கிராண்ட் டிக்ஸன்ஸ் அணை. 285 மீட்டர் உயரமுள்ள இந்த அணை, தன் எடையாலேயே நீரைத் தடுத்து நிறுத்தும் அணைகளில் உலகிலேயே உயரமானது. ஏறத்தாழ 60 லட்சம் கனமீட்டர் கான்கிரீட் இதற்குச் செலவாயிற்று. ஏரி நிரம்பும்போது நீர்மட்டம் 2364 மீட்டரில் நிற்கும். கொள்ளளவு 40 கோடி கனமீட்டர். இவ்வளவு நீரும் இந்த ஒரு பள்ளத்தாக்கிலேயே பிறப்பதில்லை. ட்ஸெர்மாட் வரை பரந்து கிடக்கும் 35 பனியாறுகளின் உருகுநீர், சுமார் 100 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கவழிகளின் மூலம் இங்கே வந்து சேர்கிறது. குளிர்காலம் முழுவதும் மின் உற்பத்திக்காக ஏரியை இறக்கிக்கொண்டே வருவதால் ஏப்ரல் வாக்கில் அது மிகவும் வற்றிவிடும். மே மாதத்திலிருந்து மெல்ல ஏறி, செப்டம்பர் கடைசியில்தான் விளிம்பைத் தொடும். ஆகவே ஜூன் மாதத்தில் வருபவர் காண்பது முழு ஏரி அல்ல.

இதை நான் அங்கே போய் நின்றபோதுதான் அறிந்துகொண்டேன். ஜூன் கடைசி வாரத்தில் என் மைத்துனருடன் முகட்டில் இறங்கியபோது நீர் வெகு கீழே கிடந்தது. அதற்கு மேலே இரு கரைகளிலும் ஒரு புல்கூட முளைக்காத சாம்பல் நிறப் பாறைப் பட்டை ஓடியது. புகைப்படங்களில் கண்ட பச்சை நீலம் எங்கும் இல்லை. அந்தப் பட்டையும் பார்க்க வேண்டிய காட்சிதான் என்று இன்று கருதுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் நீர் ஏறி இறங்கியதன் தடங்கள் அதில் படிப்படியாகத் தெரிகின்றன. இதே நீருக்கடியில்தான் 1935-இல் கட்டப்பட்ட, 87 மீட்டர் உயரமுள்ள பழைய டிக்ஸன்ஸ் அணையும் மூழ்கிக் கிடக்கிறது.

மேற்குக் கரையில் செல்லும் பாதை அகலமானது, சமதளமானது. தொடக்கத்தில் வரும் சுரங்கப் பாதைகளில் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும் என்பதால், தலைவிளக்கைப் பையின் அடியில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. ஏரியின் தென்கோடியைக் கடந்து ஏறத் தொடங்கிய சிறிது தூரத்தில், ஓர் ஓடைப் பள்ளத்தை மூடியபடி பழைய பனித்திட்டு ஒன்று குறுக்கே கிடந்தது. பதினைந்து அடி அகலம்தான் இருக்கும். நான் காலை வைக்கப் போனபோது மைத்துனர், "அத்தான், நில்லுங்கள், அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது" என்றார். நடைக்கோலால் விளிம்பைக் குத்திப் பார்த்தேன். கோல் எந்தத் தடையுமின்றி உள்ளே இறங்கியது. அந்த ஓட்டையின் வழியே பார்த்தபோது, மேலே ஒரு முழம் தடிமனுள்ள பனி கூரையாக நிற்க, அடியில் இடுப்பளவு வெற்றிடமும் அதில் விரைந்தோடும் சாம்பல் நிற நீரும் தெரிந்தன. அங்கேயே திரும்பினோம். அந்த முடிவைப் பற்றி எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

இரண்டாவது நடைக்கான திட்டத்தை அந்தக் குளிர்காலம் முழுவதும் செதுக்கினேன். 1:25,000 அளவு வரைபடத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஏற்றத்தையும் தூரத்தையும் தனித்தனியாக எழுதினேன். சுவிஸ் பாதைப் பலகைகளில் காணும் நேரம், சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் நடப்பவருக்கானது. ஓய்வு நேரம் அதில் சேராது. முதல் நடையில் நான் குறித்து வைத்திருந்த நேரங்களோடு ஒப்பிட்டபோது, 2500 மீட்டருக்கு மேல் பலகை சொல்லும் ஒவ்வொரு மணிக்கும் எனக்கு ஒன்றேகால் மணி ஆகிறது என்பது தெளிவாயிற்று. அந்தக் கணக்கைப் போட்டதும் ஒரே நாளில் ஆரோலாவுக்குப் போய்ச் சேரும் எண்ணத்தைக் கைவிட்டு, 2928 மீட்டர் உயரத்திலுள்ள தீஸ் மலைக்குடிலில் ஓர் இரவு தங்குவது என்று முடிவு செய்தேன். படுக்கைக்கு முன்பதிவு இல்லாமல் ஆகஸ்டில் மேலே ஏறக்கூடாது.

ஆகஸ்ட் கடைசியில் சென்ற அந்த நடை ஏறத்தாழ எழுதி வைத்தபடியே நடந்தது. பனியாறு விட்டுச்சென்ற கல்மேட்டின் முதுகில் ஏறும் பாதையில், 3870 மீட்டர் உயரமுள்ள மோன் பிளான் தெ ஷெலோன் சிகரத்தின் வடக்கு முகம் நேர் எதிரே நின்றுகொண்டே வரும். மறுநாள் காலை, கற்கள் போர்த்திய பனியாற்றின் தட்டையான பகுதியைக் கடந்து, ரீட்மாட்டனுக்குப் பதிலாக அதன் பக்கத்திலேயே இருக்கும் பா தெ ஷேவ்ர் கணவாயின் இரும்பு ஏணிகளில் ஏறினேன். இரண்டில் எதைத் தேர்வது என்று கேட்பவர்களுக்கு என் கருத்து இதுதான்: உயரத்தைக் கண்டு தலை சுற்றாதவர்களுக்கு ஏணியே பாதுகாப்பானது, ரீட்மாட்டனின் செங்குத்தான சரிவில் ஒருவர் காலடியில் உருளும் கல் கீழே வருபவரைத் தாக்கக்கூடும். ஆரோலாப் பக்கம் இறங்கும்போது மதிய உணவுக்கு ஓடைப் படுகையில் அமரலாகாது என்பதையும் திட்டத்திலேயே எழுதியிருந்தேன். அங்குள்ள ஓடைகளின் நீரை ஏரிக்காகத் திருப்பிக்கொள்வதால் படுகை வறண்டு, உட்காரத் தோதாகத் தெரியும். ஆனால் சேர்ந்த மணலை அலசி வெளியேற்ற மேலே மதகு திறந்தால், வெயில் காயும் நாளிலும் திடீரென்று வெள்ளம் வரும். கரையோரம் நட்டிருக்கும் எச்சரிக்கைப் பலகைகளைப் பலர் கவனிக்காமல் கடந்து போவதைக் கண்டது எனக்குக் கவலையளித்தது.

மூன்றாவதாக, முழு ஏரியைக் காண வேண்டும் என்பதற்காகவே செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் சென்றேன். நீரும் பனியும் செப்டம்பரைக் கைகாட்டினாலும், அப்போது பகல் 12 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. ரோப்காரும் அக்டோபருக்குப் பிறகு ஓடாது. எனவே கணவாயைத் தாண்டி வேறு ஊருக்கு இறங்காமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்று ஒன்றை வகுத்தேன்: அணையிலிருந்து ப்ராஃப்ளூரி மலைக்குடில் (2662 மீட்டர்), அங்கிருந்து ரூ கணவாய் (2804 மீட்டர்), பிறகு பார்மா குடில் வழியாக ஏரிக்கரைக்கு இறங்கி, கரையோடு அணைக்குத் திரும்புதல். ப்ராஃப்ளூரியின் கிண்ணம் போன்ற பள்ளம் இன்றும் வெட்டுண்ட தோற்றத்தோடு இருக்கிறது. அணையின் கான்கிரீட்டுக்கான கல்லும் மணலும் அங்கிருந்துதான் எடுக்கப்பட்டன. கணவாயின் உச்சியை அடைந்த அந்தக் கணத்தில் ஏரி முழு நீளத்துக்கும் கீழே விரிந்தது. சாம்பல் பட்டை முற்றிலும் மறைந்து, புல்லின் விளிம்புவரை நீர் நின்றது. பனியாறு அரைத்த பாறைத்தூள் கலந்த அந்த நீரின் நிறத்தைப் பாசிப் பச்சை என்று குறிப்பேட்டில் எழுதி, அடித்து, பால் கலந்த பச்சை என்று மாற்றினேன். கரைப்பாதைக்கு மேலே ஆல்ப்ஸ் வரையாடுகள் நான்கு, என்னைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தன. கணுக்கணுவாக வளைந்த அவற்றின் கொம்புகளை முப்பது அடி தூரத்திலிருந்து நெடுநேரம் பார்த்தேன். அதற்காகத் திட்டத்தில் ஒதுக்கியிருந்த அரை மணி நேரம் போதவில்லை.

அடுத்த கோடையில் மைத்துனர் மீண்டும் வருகிறார். செப்டம்பர் இரண்டாம் வாரத்தைக் குறித்திருக்கிறோம். அப்போது ஏரி நிரம்பும் தறுவாயில் இருக்கும், மலைக்குடிலும் திறந்திருக்கும். முதல் நாள் மாலையே ப்ராஃப்ளூரியில் தங்கி, மறுநாள் விடியலில் ரூ கணவாயில் ஏறி, ஏரிக்கரை வழியாகத் தீஸ் மலைக்குடிலுக்கு நடப்பது திட்டம். பலகை நேரங்களை ஒன்றேகாலால் பெருக்கிய கணக்கை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் தமக்கு எவ்வளவு ஆகும் என்று எழுதி அனுப்பியதும் படுக்கைகளுக்குப் பதிவு செய்வேன்.