படி இறங்கிய பிறகு

பள்ளி வண்டி என்றாலே பேச்சு வேகத்துக்குத்தான் போகிறது. வேலூர் டவுனுக்குள் காலை எட்டு மணிக்கு வேகமாகப் போக யாராலும் முடியாது. காட்பாடியில் உள்ள சித்தூர் பஸ் ஸ்டாண்டில் கிளம்பிய வண்டி பாலாற்றுப் பாலம் ஏறி இறங்கி கிரீன் சர்க்கிள் வந்து சேர்வதற்குள் டிரைவரின் இடது கால் கிளட்சிலேயே மரத்துப் போகும். இந்த வேலையில் இருப்பவர்கள் பயப்படுவது வேறொன்றுக்கு: வண்டி நின்று, கதவு திறந்து, பிள்ளை இறங்கி, வண்டி மறுபடி நகர்கிற அந்த அரை நிமிடத்துக்கு.

பேருந்தின் முன்பக்கத்தை ஒட்டி நிற்கும் யு.கே.ஜி. பிள்ளை டிரைவர் சீட்டிலிருந்து தெரியாது. எத்தனை அடி வரை தெரியாது என்பதை ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக அளக்க வேண்டும். டிரைவரை சீட்டில் உட்கார வைத்து, மூன்றரை அடிக் குச்சி ஒன்றை பம்பரை ஒட்டி நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்துங்கள். குச்சியின் நுனி எங்கே அவர் கண்ணில் படுகிறதோ அங்கே சாக்பீஸ் கோடு. இடது முன்சக்கரம், பின்பக்கம் என்று சுற்றிலும் இப்படியே. இருபது வருடம் ஓட்டியவர்கூட இறங்கி வந்து அந்தக் கோட்டைப் பார்த்தால் ஒரு நிமிடம் பேச மாட்டார். பள்ளி வாகனங்களுக்கு முன்னும் பின்னும் கேமராவும் எச்சரிக்கும் சென்சாரும் வேண்டும் என்று 2022இல் தமிழ்நாட்டில் விதி வந்தது. நல்ல விதி. ஆனால் தோண்டிப் போட்ட தெருக்களில் இரண்டு டிரிப் அடித்தாலே லென்ஸில் புழுதி அப்பிக்கொள்ளும். தினமும் காலையில் துடைப்பது யார் என்று பெயர் சொல்லி ஒப்படைக்காத வரை அந்தக் கேமரா இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அடுத்தது இடது பக்கம் நுழையும் பைக். பஸ் நின்றதும் வலது பக்கம் போக வழியில்லாதவர்கள், கதவுக்கும் சாக்கடை ஓரத்துக்கும் நடுவே புகுந்து விடுவார்கள். டிரைவர் ஓரத்திலிருந்து நாலடி தள்ளி நிறுத்துவதே அவர்களுக்கு வழி விட்டது போலாகும். ஒன்றரை அடி, இரண்டு அடிக்குள் ஒட்டி நிறுத்தினால் பைக் நுழையாது. கதவு திறந்ததும் முதலில் இறங்க வேண்டியது ஆயாம்மா. இறங்கி, வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி கை நீட்டி நின்ற பிறகே முதல் பிள்ளை படியில் கால் வைக்க வேண்டும். பல வண்டிகளில் ஆயாம்மா மேலே நின்று பையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். அந்தப் பையின் வார் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொள்வது தெரியாமல் டிரைவர் நகர்த்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தொங்கும் வாரை முடிந்து விடுவதும், பெரிய பெண் பிள்ளைகளின் துப்பட்டாவைப் பின் குத்தச் சொல்வதும் அற்ப விஷயமாகத் தோன்றும். தோன்றட்டும்.

ஆயாம்மா இதையெல்லாம் செய்ய நேரம் வேண்டும். ரூட் போடுகிறவர் கோட்டை விடுவது இங்கேதான். மேப்பில் 25 நிமிடம் என்று காட்டும். அதில் நிறுத்தங்கள் இல்லை. ஒரு நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் 14 நிறுத்தத்துக்கு 14 நிமிடம். அதைக் கணக்கில் சேர்க்காமல் பெல் நேரத்தை மட்டும் சொன்னால், டிரைவர் அந்த 14 நிமிடத்தை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். நிறுத்தத்தில் அவசரப்படுத்துவார், இல்லை சத்துவாச்சாரி பக்கம் ஹைவேயில் அழுத்துவார். 40 கிலோமீட்டருக்குப் பூட்டிய வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் சீல் உடைவது டிரைவரின் கொழுப்பால் என்று நிர்வாகம் சொல்லும். பாதி நேரம் அது டைம் ஷீட் செய்த வேலை.

சர்வீஸ் ரோட்டில் இன்னொரு சிக்கல். ‘வலது பக்கம் பார்த்துவிட்டு இறங்கு’ என்று புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு, ராங் சைடில் வரும் ஸ்கூட்டி இடது பக்கமிருந்து வரும். அங்கே இரண்டு பக்கமும் இரண்டு முறை பார்க்கப் பழக்க வேண்டும். வீடு எதிர்ப்பக்கம் என்றால் வண்டி போன பிறகே கடக்க வேண்டும். வண்டி நிற்கும்போது அதற்கு முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. சின்னப் பிள்ளை என்றால் ஆயாம்மா கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வர வேண்டும். அதைவிட நல்லது, சாயங்கால டிரிப்பை எதிர்த்திசையில் சுற்றி வரும்படி போட்டு அந்தப் பிள்ளையை வீட்டுப் பக்கமே இறக்குவது. டீசல் கொஞ்சம் கூடும்.

2012இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் வந்தன. ஆண்டுதோறும் பள்ளி திறப்பதற்கு முன் நடக்கும் ஆய்வுக்கு எல்லா வண்டியும் பளபளவென்றுதான் போகும். பார்க்க வேண்டியது தரையில் விரித்த ரப்பர் விரிப்புக்கு அடியில். சக்கர வளைவை ஒட்டிய பலகையைக் குதிகாலால் அழுத்திப் பாருங்கள், உளுத்திருந்தால் அமுங்கும். அவசரக் கதவை ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளையை விட்டுத் திறக்கச் சொல்லுங்கள். ரப்பர் ஒட்டிக்கொண்டோ, தாழ்ப்பாள் துருப்பிடித்தோ திறக்காது என்பது அடிக்கடி காணும் குறை. சாயங்காலம் ஷெட்டுக்கு வந்ததும் டிரைவர் கடைசி சீட் வரை நடந்து, சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்க்க வேண்டும். எல்.கே.ஜி. பிள்ளைகள் தூங்கிவிடும். வேலூர் வெயிலில் பூட்டிய வண்டிக்குள் பெரியவரே தாங்க மாட்டார்.

ஆட்டோவில் அனுப்புகிறவர்கள் ஏறும் தலைகளை எண்ணுவதோடு, வெளியே தொங்கும் பைகளையும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் மாட்டினால் ஆட்டோ இரண்டடி அகலம் கூடுகிறது. லாங் பஜார் பக்கம் ஒரு பைக் ஹேண்டில் உரசினால் போதும். டிரைவர் பக்கத்தில் பிள்ளையை உட்கார வைத்தாலோ, பின்சீட்டுக்கு எதிரே பலகை போட்டிருந்தாலோ அந்த ஆட்டோ வேண்டாம். வலது பக்கம் தடுப்புக் கம்பி இல்லாததும் வேண்டாம்.

பெற்றோர் பக்கமும் ஒரு பழக்கம் இருக்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “கண்ணு, இங்க வாடா” என்று கையாட்டுவது. அம்மாவைப் பார்த்த பிள்ளை வேறெதையும் பார்க்காது, ஓடும். ஆயாம்மா பிடிப்பதற்குள் பாதி ரோட்டில் இருக்கும். ஐந்து நிமிடம் முன்னால் வந்து, கதவு திறக்கும் பக்கம் நில்லுங்கள். தாமதமானால் போனில் சொல்லிவிடுங்கள். ஆயாம்மா பிள்ளையை இறக்காமல் வண்டியிலேயே வைத்திருப்பார், திரும்பி வரும்போது இறக்கிக்கொள்ளலாம்.