ராத்திரி பத்து மணி, கிரீன்விச் நேரப்படி

பிளஸ் ஒன் படிக்கும் பையன், ஒன்பதாவது படிக்கும் பெண். இரண்டு பேருக்கும் காலையில் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருக்கும். கேட்டால், "கொசுப்பா". திருச்சிக் கொசுவை நான் குறைத்து மதிப்பிடுகிறவன் இல்லை. ஆனால் ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அந்தக் கொசு இரண்டு பேரின் போர்வைக்குள்ளும் நீல வெளிச்சத்தில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ரூட்டரைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். பிரவுசரில் தட்ட வேண்டிய முகவரி 192.168.1.1. பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். உள்ளே போனால் நேரக் கட்டுப்பாடு என்று ஒரு பக்கமே இருந்தது. ராத்திரி 10 முதல் காலை 6 வரை யாருக்கும் நெட் கிடையாது என்று போட்டேன். ஒவ்வொரு ஃபோனாகத் தேர்ந்தெடுக்கப் பொறுமையில்லை. அன்று ஒன்பதரைக்கே படுத்து, குறட்டை விட்டேன்.

காலையில் நெட் இல்லை. அந்த வாரம் எனக்கு வீட்டிலிருந்துதான் வேலை, ஒன்பதரைக்கு மீட்டிங். கேபிள்காரரைக் கூப்பிட்டேன். "பச்சை விளக்கு எரியுதா சார்? அப்போ லைன் நல்லாத்தான் இருக்கு." பதினொன்றரைக்கு நெட் தானாக வந்துவிட்டது. மறுநாளும் அதே கதை. நான் போட்ட சத்தத்தில் அவரே நேரில் வந்தார். வந்து சேர்ந்தது பன்னிரண்டு மணிக்கு. "நல்லாத்தானே ஓடுது?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். பிள்ளைகள் பக்கத்திலிருந்து மட்டும் புகாரே இல்லை. முன்னெப்போதும் இல்லாத அடக்கத்தோடு பள்ளிக்கூடம் போய் வந்தார்கள்.

மூன்றாம் நாள் பெண்தான் இரக்கப்பட்டாள். "அப்பா, ரூட்டர்ல டைம்ஸோன் மாத்தலையே நீங்க. அது கிரீன்விச் நேரத்துல இருக்கு."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். ரூட்டருக்குப் பத்து மணி ஆகும்போது எனக்கு விடியற்காலை மூன்றரை. அதற்குக் காலை ஆறு, எனக்குப் பதினொன்றரை. அதாவது, பிள்ளைகள் கண் முழிக்கும் நேரம் முழுக்கத் திறந்துவிட்டு, நான் சம்பளம் வாங்கும் நேரத்தில் சரியாக இழுத்துப் பூட்டியிருக்கிறேன்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"முதல் நாளே. அண்ணன்தான் சொல்லாதேன்னான்."

சரி என்று நேரத்தைத் திருத்தினேன். அன்று ராத்திரி பத்தேகாலுக்கு மனைவி ஹாலுக்கு வந்தாள். துபாயில் இருக்கும் அவளுடைய அக்காவுக்கு அப்போதுதான் சமையல் முடிந்து ஓய்வு. வீடியோ காலில் மாமியார் கதை உச்சத்துக்கு வந்த இடத்தில் அறுந்துவிட்டதாம். "ஏங்க, இதை நீங்க தொட்டீங்களா?" என்றாள். அந்தக் குரலுக்குப் பதினெட்டு வருஷமாகப் பழகியவன் நான். உடனே லேப்டாப்பைத் திறந்தேன்.

இந்தத் தடவை பிள்ளைகளின் ஃபோன்களை மட்டும் பூட்டினேன். ஒவ்வொரு ஃபோனுக்கும் மேக் அட்ரஸ் என்று பன்னிரண்டு இலக்க அடையாளம் உண்டு. நடுநடுவே எழுத்துகளும் வரும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டினேன். பையன் அதை இரண்டு நிமிஷத்தில் தாண்டினான். போகிற இடமெல்லாம் ஃபோனை யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்காக, 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-லேயே மாற்று அடையாளம் காட்டும் வசதி வைத்துவிட்டார்கள். நான் பூட்டியது ஒன்று, அவன் செட்டிங்ஸில் மாற்றிக்கொண்டு உள்ளே வந்தது இன்னொன்று. மாறுவேஷம் போட்டு வந்தவனை வாசலில் நின்று நானே வரவேற்றிருக்கிறேன்.

(எனக்கு ஒரே ஆறுதல் தென் கொரியா. பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை ஆன்லைன் கேம் விளையாடக் கூடாது என்று 2011-இல் சட்டமே போட்டார்கள். பிள்ளைகள் அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு விளையாடினார்கள். 2022 தொடக்கத்தில் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ஒரு அரசாங்கத்துக்கே இந்தக் கதி.)

அப்புறம் நேர்மாறாகப் போட்டேன். பத்து மணிக்கு மேல் நான் அனுமதித்த நாலு சாதனங்களைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. வீடு அமைதியாகிவிட்டது. பையன் முணுமுணுக்கக்கூட இல்லை. அதுதான் உதைத்தது.

ஒரு வாரம் கழித்து அம்மா புகாரோடு வந்தார். "டேய், காலையில முருகன் பாட்டு போட்டா ஒரு வரி பாடுது, அப்புறம் வட்டமா சுத்துது. ரீசார்ஜ் பண்ணி நாலு நாள்கூட ஆகலையே?" வாங்கிப் பார்த்தேன். தினம் ஒன்றரை ஜிபி திட்டம். காலை ஆறரை மணிக்கே அன்றைய ஒன்றரை ஜிபியும் காலி. அம்மா நாள் முழுக்கப் பார்ப்பது இரண்டு பக்திப் பாட்டும் ஒரு ராசிபலனும்தான்.

அன்று ராத்திரி பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷம் ஆனதும் ஹாலில் நின்று என் ஃபோனில் வைஃபை பட்டியலைத் திறந்தேன். எங்கள் ரூட்டர், எதிர் வீட்டு ரூட்டர், அதற்கெல்லாம் மேலே சிக்னல் முழுசாக ஒரு ஹாட்ஸ்பாட். ஆங்கில எழுத்தில் தமிழாகப் பெயர் வைத்திருந்தார்கள்: "அப்பா தூங்கிட்டாரு".

பெரிய விசாரணை நடந்தது. அம்மா முழுக்கப் பேரன் பக்கம். "படிக்கிறதுக்குத்தான் கேட்டான். என் ஃபோன், நான் குடுத்தேன். உனக்கு என்ன?" ரீசார்ஜ் செய்வது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், அம்மா பார்த்த பார்வையில் அப்படியே விழுங்கினேன். பிள்ளைகள் இனி செய்ய மாட்டோம் என்று சாமி படத்தின் முன்னால் நின்று சொன்னார்கள்.

நேற்று ராத்திரி சோதித்துவிடலாம் என்று சீக்கிரமே படுத்து, கொஞ்சம் தூக்கலாகவே குறட்டை விட்டேன். பன்னிரண்டு பத்துக்குப் போர்வைக்குள் ஃபோனை எடுத்துப் பட்டியலைப் பார்த்தேன்.

"அப்பா நடிக்கிறாரு".