முதல் அழைப்பு யாருக்கு

தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவை அரங்குக்கு நான் பொறுப்புச் செவிலியராக இருந்த ஆண்டுகளில், ஒவ்வொரு மாதமும் 25ஆம் தேதிக்குள் அடுத்த மாதத்து ஆன்-கால் பட்டியலை எழுதி ஒட்டுவது என் வேலையாக இருந்தது. பகல் ட்யூட்டி முடித்து வீட்டுக்குப் போயிருந்தாலும், இரவில் அவசர அறுவை சிகிச்சை என்றால் உடனே வந்து நிற்க வேண்டிய ஸ்க்ரப் சிஸ்டர் (மருத்துவர் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துத் தருபவர்), சர்க்குலேட்டிங் சிஸ்டர் (அரங்குக்குள் தேவையானவற்றைக் கொண்டுவந்து தருபவர்) என்று இருவர் பெயர் ஒவ்வொரு தேதிக்கும் அதில் இருக்கும். எட்டுப் பேர், ஆளுக்கு மாதம் ஏழு அல்லது எட்டு இரவுகள். ஞாயிறும் பண்டிகை நாட்களும் எல்லோருக்கும் ஒரே அளவில் வந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து ஒட்டிவிட்டால், நியாயமாக நடந்துகொண்டதாகவே நான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

அவசர சிசேரியன் என்று முடிவெடுத்தால் 30 நிமிடத்துக்குள் குழந்தையை எடுத்துவிட வேண்டும் என்பது மகப்பேறு மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் அளவுகோல். பட்டியலில் இருப்பவர் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பார், அல்லது எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே ஆட்டோவில் சிக்கியிருப்பார். 2021இல் விம்கோ நகர் வரை வந்த மெட்ரோ பகல் ஷிப்டுக்குப் பெரிய உதவிதான். ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு அது ஓடாது. ஆகவே பிரசவ வார்டில் இருப்பவர்கள் பட்டியலைப் பார்க்காமலே, மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த சிஸ்டரை அழைத்துவிடுவார்கள். அவர் ஒருமுறைகூட மறுத்ததில்லை. பல இரவுகளில் நானே அப்படி அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் அவர் என் அறைக்கு வந்து, "மேடம், வீடு மாத்தறோம், மீஞ்சூருக்கு" என்றார். அவ்வளவு தூரத்திலிருந்து வருவது சிரமமாயிற்றே என்று கேட்டேன். "அங்க இருந்தா ராத்திரி யாரும் கூப்பிட மாட்டாங்க மேடம்" என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அன்று மாலை அறுவை அரங்கின் பதிவேட்டை எடுத்து, முந்தைய மூன்று மாதங்களில் யார் எந்த இரவில் வந்தார்கள் என்று பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர் வந்த இரவுகளில் பதினொன்று அவருக்குரியவையே அல்ல. நான் சமமாகப் பங்கிட்டது பெயர்களை மட்டுமே; தூக்கத்தை இழந்தவர் பெரும்பாலும் ஒருவராகவே இருந்திருக்கிறார்.

அதன்பின் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, உண்மையில் வந்தவர் பெயரையும் நேரத்தையும் எழுத ஆரம்பித்தோம். அடுத்த மாதத்துப் பங்கீடு அந்தக் கட்டத்தை வைத்தே நடந்தது. ஒவ்வொரு இரவும் அருகில் இருப்பவர் ஒருவர், தொலைவில் இருப்பவர் ஒருவர் என்று இணைத்தேன். பிரசவ வலி முன்னேறவில்லை என்று மருத்துவர் சந்தேகப்படும்போதே தொலைவில் இருப்பவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வார்டில் கேட்டுக்கொண்டேன். செவிலியருக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977இல் வெளியிட்ட பரிந்துரை, இரு ஷிப்டுகளுக்கு நடுவே குறைந்தது 12 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும் என்கிறது. எட்டுப் பேரை வைத்துக்கொண்டு அதை எங்களால் முழுமையாகக் கடைப்பிடிக்க முடியவில்லை. இரவு ஒரு மணிக்கு மேல் வந்தவர் மறுநாள் மதிய ஷிப்டுக்கு வந்தால் போதும் என்பதைத்தான் கொண்டுவர முடிந்தது. இவ்வளவும் செய்த பிறகும் அந்த சிஸ்டர் மீஞ்சூருக்குப் போய்விட்டார். அவரைத் தடுக்க எனக்கு உரிமை இருந்ததாக நான் நினைக்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, பட்டியலில் இருந்த இருவருமே வியாசர்பாடிப் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர் நிற்க, வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை. முந்தைய நாள் காலையில் ட்யூட்டிக்கு வந்தவர்களே இரண்டு இரவும் தொடர்ந்து நின்றார்கள். மழை எச்சரிக்கை உள்ள நாட்களில் ஆன்-கால் சிஸ்டர்கள் மருத்துவமனையிலேயே தங்க வேண்டும், அதை முழு இரவு ட்யூட்டியாகக் கணக்கிட்டு மறுநாள் ஓய்வும் தர வேண்டும் என்று நான் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தேன். அழைப்பே வராத இரவுக்கும் சம்பளமா என்று கேட்டார்கள். தலையணைக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு, மாதவரத்தில் நடக்கும் தங்கை வீட்டு விசேஷத்துக்குக்கூடப் போக முடியாமல் காத்திருப்பவருக்கு அது ஓய்வு நேரமே இல்லை என்று விளக்கிப் பதிவேட்டை மேசைமேல் வைத்தேன். 2024 மழைக்காலத்துக்கு முன்பு அந்த ஏற்பாட்டை எழுத்தில் தந்தார்கள். அதற்கு முந்தைய இரவுகளுக்கு யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.