புறக்கோட்டையில பழைய கல்குலேற்றர் தேடின கதை

கொழும்புக்குப் போனா எல்லாரும் முதல் காலிமுகத்திடலுக்குத்தான் ஓடுவினம், எனக்கெண்டா கோட்டை ஸ்டேசனில இறங்கினவுடன கால் தானா புறக்கோட்டைப் பக்கம்தான் திரும்பும். வெள்ளவத்தையில மாமி வீட்டில நிண்டா 100ஆம் நம்பர் பஸ்ஸிலயும் போகலாம், ஆனா காலமை கடல்கரையோட ஓடுற ரெயின்தான் எனக்கு விருப்பம்.

முதலாம் குறுக்குத் தெரு முழுக்க எலெக்ட்ரோனிக்ஸ் கடைதான், ஆனா முன்னுக்கு அடுக்கி வச்சிருக்கிறதெல்லாம் புதுசு. பழைய கல்குலேற்றர் வேணுமெண்டா கடைக்காரரோட கொஞ்ச நேரம் கதைக்கோணும், மேல்மாடியில ஓடாத சாமான் போட்டு வச்ச பெட்டி ஏதும் கிடக்கோ எண்டு கேக்கோணும், நடைபாதையில ரிமோட்டும் சார்ஜரும் குவிச்சு விக்கிறவையிட்ட குந்தியிருந்து கிளறோணும்.

இங்க என்ன கிடைக்கும் எண்டுறதுக்கும் நாட்டின்ர வரலாறுக்கும் தொடர்பு இருக்கு. ஜப்பானில 1972இல கேசியோ மினி 12,800 யென்னுக்கு வந்து சனம் அள்ளிக்கொண்டு போன காலத்தில இங்க இறக்குமதிக்கு இறுக்கமான கட்டுப்பாடு. 1977இல திறந்த பொருளாதாரம் வந்த பிறகுதான் கடைகளில எலெக்ட்ரோனிக் சாமான் குவிஞ்சது, மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவையும் பெட்டியில கொண்டு வந்தவை. அதால புறக்கோட்டையில கைக்கு அகப்படுறது பெரும்பாலும் 70களின்ர கடைசியும் 80களும்தான்.

எனக்கு ஒரு கல்குலேற்றரை எடுத்தவுடன பிராண்டைவிட பட்டனைப் பாக்கத்தான் ஆசை. செட்டியார் தெருவில ஒரு நகைக்கடை ஐயா மேசை லாச்சிக்குள்ள இருந்து எடுத்துத் தந்ததில 8உம் வகுத்தல் குறியும் முழுசா அழிஞ்சு, அந்த இடம் மட்டும் வழுவழுப்பா மினுங்குது, 3உம் 7உம் நேற்று வாங்கினது மாதிரி இருக்கு. ஏனெண்டு கேக்கவே தேவையில்லை, ஒரு பவுண் 8 கிராம், பவுண் விலையை 8ஆல வகுத்தாத்தான் கிராம் விலை, அதைத்தான் அந்த மேசையில நாள் முழுக்க அமத்தியிருக்கினம். எங்க, என்ன வேலைக்குப் பாவிச்சதெண்டு பட்டனே சொல்லுது. அதாலதான் அழிஞ்ச எழுத்தைத் திருப்பி எழுதுறதோ புதுப் பட்டன் மாத்துறதோ எனக்குப் பிடிக்காது. ஐயா அதை விக்க மாட்டன் எண்டிட்டார், அவர் சொன்னது சரி எண்டுதான் எனக்கும் பட்டுது.

பிறகு இரண்டாம் குறுக்குத் தெரு சிவப்புப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில ஒரு சின்னக் கடை. "நானா, பழைய கல்குலேற்றர் ஏதும் இருக்கோ?" எண்டு கேட்டன். "எங்கட வாப்பாட காலத்துச் சாமான் கொஞ்சம் கிடக்கு தம்பி, ஓடுமா ஓடாதா தெரியாது" எண்டு ஒரு பிஸ்கட் ரின்னைத் தூக்கி வச்சார். அதுக்குள்ள டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் டிஐ-30 ஒண்டு! எச்பி கம்பனியின்ர எச்பி-35 எண்ட அறிவியல் கல்குலேற்றர் 1972இல 395 டொலர், சாதாரண மாணவர் கிட்டவும் போகேலாத விலை, நாலு வருசத்தில 1976இல இது 24.95 டொலருக்கு சைன், கொஸ், லொக் எல்லாத்தோடையும் வந்திட்டுது, கணக்குப் போடுற வேலை முழுக்க ஒரே சிப்புக்குள்ள அடங்கினதுதான் காரணம்.

கையில கொண்டு போன 9 வோல்ட் பற்றரியைப் போட்டவுடன சிவப்பில பூச்சியம் எரிஞ்சுது. முதல் 11111111ஐ 8ஆல பெருக்குங்கோ, எட்டு 8உம் ஒண்டா எரிஞ்சா டிஸ்ப்ளேயில ஒரு கோடும் சாகேல்ல எண்டு அர்த்தம். பிறகு டிகிரியில 9 போட்டு சைன், கொஸ், டான், அப்பிடியே திருப்பி ஆர்க்டான், ஆர்க்கொஸ், ஆர்க்சைன். கணிதப்படி 9தான் வரவேணும், ஆனா நடுவில கொஸ் போடேக்க 0.99999 எண்டு தொடங்கிற ஒரு எண் வருது, முன்னுக்கு நிக்கிற ஒன்பதுகளே இடத்தைப் பிடிச்சிட, திரும்பி வாறதுக்குத் தேவையான இலக்கம் குறைஞ்சிடும். அதால விடை 9ஐ விட்டுக் கொஞ்சம் விலகும், எவ்வளவு விலகுது எண்டதை வச்சு உள்ளுக்கு எந்தச் சிப் எண்டு கண்டுபிடிக்கிற ஆக்கள் இருக்கினம்.

ரின்னின்ர அடியில நீலப் பச்சை டிஸ்ப்ளே உள்ள ஒரு ஜப்பான் மெசினும் கிடந்தது, பற்றரி கசிஞ்சு தகடெல்லாம் பச்சையாப் பூத்துப்போய். அல்கலைன் கசிவெண்டா வினாகிரி தோய்ச்ச பஞ்சால துடைக்க அனேகமாப் போயிடும். அதையும் வாங்கி, வெள்ளவத்தையில இரவு துடைச்சு ஓட விட்டன். லைட்டை நூத்திட்டு கண்ணாடிக் குழாயைக் கிட்டப் பிடிச்சுப் பாத்தா, இலக்கங்களுக்கு முன்னால மயிரிழை அளவில கம்பி மங்கல் சிவப்பில தெரியும், அதில இருந்து பறக்கிற எலெக்ட்ரோன் பட்டுத்தான் இலக்கம் ஒளிருது. மாமியைக் கூப்பிட்டுக் காட்டினன், அவவும் கன நேரம் பாத்துக்கொண்டு நிண்டவ.

போறாக்கள் சனிக்கிழமை காலமை போங்கோ, ஞாயிறும் போயா (பௌர்ணமி) நாளும் கனக்கக் கடை பூட்டு. பின்பக்கம் திறக்க விட்டா சிப்பைப் பாருங்கோ, 7812 மாதிரி நாலு இலக்கம் இருந்தா அனேகமா 1978இன்ர 12ஆவது கிழமை செய்தது. நான் இனித் தேடுறது கேசியோ மினி, ஆறு இலக்கம்தான் தெரியும், பெருக்கி வாற விடையின்ர மிச்ச இலக்கங்களை அம்புக்குறிப் பட்டனை அமத்தித்தான் பாக்கோணும். கொட்டாஞ்சேனையில பென்சன் எடுத்த ஒரு கணக்காளரிட்ட இருக்காம் எண்டு நானா சொன்னவர்.