வேம்புக்குக் கீழே நின்ற தாய்

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சின்ன ஆரம்பப் பாடசாலையில் தரம் 2 படிப்பிக்கிறேன். நான் வந்த முதல் வருடம் பெற்றார் கூட்டத்துக்கு என் வகுப்பிலிருந்து ஐந்து தாய்மார்தான் வந்தார்கள். “1945 இலிருந்து இலவசக் கல்வி, புத்தகம் சும்மா, உடுப்புத் துணியும் சும்மா. ஒரு மணித்தியாலம் வந்து இருக்க ஏலாதோ?” என்று ஆசிரியர் அறையில் கதைத்தோம். நானும் அந்தக் கதையில் சேர்ந்துகொண்டேன். அது இப்போதும் எனக்கு உறுத்துகிறது.

வராத தாய் ஒருவரை அடுத்த நாள் வாசலில் கண்டு கேட்டேன்.

“செவ்வாய்க்கிழமை லோன் கட்டுற நாள் ரீச்சர். ஒராள் கட்டாட்டி குழுவில இருக்கிற எல்லாரும் அங்கயே காத்திருக்கோணும்.”

யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர்களுக்கு அடமானம் இல்லாமல் கிடைத்த காசு அந்த நுண்கடன்தான். ஆடு வாங்க, கச்சான் விதைக்க, கூரை போட என்று எடுத்தார்கள். கட்டுவது கிழமைக்குக் கிழமை. நாங்களோ கூட்டங்களைச் செவ்வாயிலேயே வைத்துவிட்டு அக்கறையில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அதிபரிடம் சொன்னேன், வெள்ளிக்கு மாற்றினார். அடுத்த தவணைக் கூட்டத்தில் கதிரை போதவில்லை.

ஆனால் ஒரு தாய் மட்டும் வெள்ளிக்கிழமையும் உள்ளே வரவில்லை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு சமைத்துக் கொண்டுவருபவர் அவர். சட்டியை இறக்கி வைத்துவிட்டு வேம்புக்குக் கீழே போய் நிற்பார். கூப்பிட்டால், “இல்ல ரீச்சர், நான் இஞ்சயே நிக்கிறன்” என்பார். அவருடைய மகன் என் வகுப்பில்தான். வீட்டு வேலையில் ஒரு நாளும் பிழை விடமாட்டான். கொப்பியின் அடியில் தாயின் கையெழுத்து இருக்கும். கோடு தாண்டாத, வட்டமான எழுத்து.

ஒரு நாள் சட்டி கழுவும்போது பக்கத்தில் போய் இருந்தேன். கதைக்கத் தொடங்கினார். யுத்தம் முடிந்த 2009 இல் அவருக்குப் பத்து வயது. கிளிநொச்சிப் பக்கமிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஓடியிருக்கிறார்கள். புத்தகப் பை எந்த இடத்தில் தவறியது என்றே தெரியாது. கடைசியில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். அங்கே தறப்பாளுக்குக் கீழே இருந்துதான் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்தாராம்.

“இன்னொரு பிள்ளையிட்டப் பேனை வாங்கித்தான் எழுதினனான். என்ன எழுதினனெண்டு இப்பவும் ஞாபகமில்ல.”

ஊர் திரும்பியபின் தம்பியைப் பார்க்க ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டார்.

“அந்தச் சின்ன வாங்கில இருந்தா எனக்குக் கை நடுங்கும் ரீச்சர். நீங்க ஏதும் கேட்டா நான் என்ன சொல்றது?”

என் வகுப்புத் தாய்மாரில் பாதிப்பேர் இந்த வயதுதான். அவர்களுடைய ஆரம்ப வகுப்பு இடப்பெயர்வில் போனது. இதை யாரும் எனக்குப் பயிற்சிக் கல்லூரியில் சொல்லவில்லை.

அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். என் வகுப்பில் பத்து மணிக்கெல்லாம் தூங்கி விழும் பிள்ளை ஒன்று இருந்தது. சோம்பல் என்று இரண்டு தரம் ஏசியிருக்கிறேன். “அது சோத்தில பாதிய ரிபன் பெட்டியில போட்டு வீட்ட தங்கச்சிக்குக் கொண்டு போறது ரீச்சர். நான் கண்டிட்டு ஒண்டும் கேக்கேல்ல. அடுத்த நாளில இருந்து கூடப் போடுறன்.” பிள்ளைகளை மேசைக்கு முன்னால் நின்று பார்த்த எனக்குத் தெரியாதது, கரண்டியோடு நின்ற அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அளத்தல் பாடம் வந்த கிழமை, அரிசியையும் அதை அளக்கும் சுண்டு என்ற பேணியையும் கொண்டு வகுப்புக்கு வர முடியுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “கேள்வி கேக்க மாட்டீங்கள்தானே?” என்றார். கேட்கமாட்டேன் என்றேன்.

வந்தார். வாங்கில் இருக்கவில்லை, நிலத்தில் பாய் விரித்துச் சம்மணம் கொட்டி இருந்தார். பிள்ளைகள் சுற்றி வந்து குந்தினார்கள். “ஒரு சுண்டு எத்தினை பேருக்குக் காணும்?” என்று அவர் கேட்க, “மூண்டு!”, “அஞ்சு!” என்று சத்தம். மகன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் சுண்டை நிரப்பி, விரலால் மேலே வழித்து, அவன் கையில் கொடுத்தார்.